செங்டுவுக்கு ஒரு சோதனை ஓட்டம்

டெப்போவில் அவளுக்கு நிமிஷக்கா என்று பேர். வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் வைத்தவன் ஆளை நன்றாகத் தெரிந்துதான் வைத்திருக்கிறான். நூற்று எண்பது பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த ஸ்டாப்பில் எத்தனை நொடி நிற்க வேண்டும், எந்த டிரைவர் எப்போது டீ குடிக்க வேண்டும், எல்லாம் அவள் போடும் கணக்கு. முப்பத்தோரு வருஷமாக அதே மேஜை, அதே ஸ்கேல், நாலு கலர் பென்சில். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதற்கு விஷயத்தைச் சொல்லுவாள். அது தப்புச் செய்தால் கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டாமா என்பாள். இரண்டு தடவை கண்டுபிடித்தும் இருக்கிறாள். அதனால் அந்த அறையில் எவனும் எதிர்த்து வாயைத் திறப்பதில்லை.

இவ்வளவு பெரிய ஆளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் டெப்போவில் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் நிமிஷக்காவுக்கு வாந்தி வரும்.

சிரிக்காதீர்கள், பாவம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முதல் ஸ்டாப்பில் வாயில் எச்சில் ஊறும், இரண்டாவதில் நெற்றி வியர்க்கும், மூன்றாவதில் இறங்கி ஓட வேண்டும். கார், வேன், ஆட்டோ என்று அதில் பேதமும் கிடையாது. மாத்திரை போட்டால் வாந்தி நின்றுவிடும், கூடவே ஆளும் நின்றுவிடுவாள். இரண்டு நாளைக்குத் தூங்கி வழிவாள். அதனால் டெப்போவுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்தாள். பத்து நிமிஷம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவள் ஒன்பதரை என்பாள். கல்யாணப் பதிவுக்குக்கூட மூன்று கிலோமீட்டர் புதுச்செருப்பில் நடந்தே போனவள். மாப்பிள்ளை பஸ் டிரைவர், கூடவே நடந்தார்.

அந்த மாப்பிள்ளை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். டூட்டி ஷீட்டில் தப்பு இருக்கிறது என்று சொல்ல அவள் ஜன்னலுக்கு வந்தவர் அவர். தப்பே இல்லை என்று கால் மணி நேரம் நிரூபித்துவிட்டு, கடைசியில் அவரையே கட்டிக்கொண்டாள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழே முப்பது வருஷம் உட்கார்ந்தவர் வேறு எப்படி இருப்பார்? வீட்டிலும் அந்தப் பலகை மாட்டியிருந்த மாதிரிதான். பேச்சு முழுக்க அவளுடையது, தலையாட்டல் அவருடையது, இருபத்தெட்டு வருஷம் சண்டை சச்சரவு இல்லாமல் வண்டி ஓடியது.

எட்டு மாதத்துக்கு முன்னால் டிரைவர் ரிட்டையர் ஆனார். ஆன பிறகு ஒரு நாள் மத்தியானம் போனில் எதையோ பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தாள். சீனாவில் செங்டு என்று ஒரு நகரம். மேஜைக்கு நடுவில் அடுப்பு, அதன்மேல் பெரிய சட்டி, சட்டி நிறைய சிவப்பு எண்ணெயும் மிளகாயும் கொதிக்கிறது. சுற்றி உட்கார்ந்தவர்கள் பச்சைக் காய், காளான், மெல்லிசாக அரிந்த இறைச்சி என்று ஒவ்வொன்றாக அதில் முக்கி எடுத்து, மூக்கில் தண்ணீர் வடிய வடியச் சாப்பிடுகிறார்கள். எழுந்திருக்கிற அவசரம் ஒருவர் முகத்திலும் இல்லை. அதில் போடுகிற ஒரு வகை மிளகு நாக்கையே மரத்துப்போக வைத்துவிடுமாம்.

“அங்க ஒரு தடவ போகணும்,” என்றார் டிரைவர்.

நிமிஷக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். இந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் இது. காரம் என்றால் அவருக்கு உயிர். ஆனால் வேலையில் சேர்ந்த அன்றே விட்டுவிட்டார். வழியில் வயிறு கலங்கினால் அறுபது பேரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு எங்கே ஓடுவது? முப்பது வருஷம் வெறும் ரொட்டி, அவித்த முட்டை, உப்புக் குறைந்த சோறு. டாக்டரிடம் கேட்டதற்கு, வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டார்.

“போறோம்,” என்றாள் நிமிஷக்கா. “அஞ்சு நாள். ப்ளான என்கிட்ட விடுங்க.”

விட்டார். அவளும் எள் என்றால் எண்ணெயாக நின்றாள். வெளியூரில் இருக்கும் மகளைப் போனில் பிடித்து, வரைபடம், ஹோட்டல், கடைகள் என்று எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னாள். இரண்டு வாரம், தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கட்டத் தாளை விரித்து உட்கார்ந்தாள். மேலே நேரம், பக்கவாட்டில் இடம், நடுவில் கோடு. பஸ்ஸுக்குப் போடுகிற அதே முறை. அவளுக்குச் சிவப்பு, அவருக்கு நீலம். காலை ஏழரைக்குப் பாண்டா, ஏனென்றால் நேரம் போனால் அது தின்றுவிட்டுப் படுத்துவிடுமாம். மூங்கில் நாற்காலி போட்ட பூங்காவில் டீ, இருபது நிமிஷம். முகமூடியைக் கண் இமைக்கிற நேரத்தில் மாற்றிக்கொண்டே ஆடுகிற நாடகம் ஒன்று அங்கே பிரபலம். அதற்கு முன்வரிசையில் இரண்டு டிக்கெட். எத்தனை நொடியில் முகம் மாறுகிறது என்று ஸ்டாப்வாட்சில் பிடித்தே தீருவது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். ஹாட்பாட் என்கிற அந்தக் கொதிக்கும் சட்டிக்கு நாற்பத்தைந்து நிமிஷம். பிளேன் டிக்கெட்டை ஏஜெண்டு வியாழன் சாயங்காலம் ஐந்து மணி வரை பிடித்து வைத்திருந்தான். அதற்குள் உறுதி செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தாளைக் கணவர் முன்னால் விரித்தாள். டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புது ரூட்டு ஷீட்டைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

“நான் பாத்த ஹாட்பாட் கடை ஆத்துக்கு அந்தப் பக்கமில்ல இருக்கு?”

“அது தூரம். இது ஹோட்டல்லேர்ந்து முந்நூறு அடி. அதே சட்டி, அதே மிளகாய்.”

“பாண்டா?”

“பக்கத்துலயே ஹோட்டல் போட்டுட்டேன். ரெண்டாவது நாள் மட்டும் பெட்டிய மாத்துறோம்.”

“இந்த ப்ளான்ல பஸ்ஸே இல்லையே,” என்றார் டிரைவர்.

“நடந்தா உடம்புக்கு நல்லது.”

விரல் மேலே ஏறி முதல் வரியில் வந்து நின்றது. வீட்டிலிருந்து புறப்பாடு, ஒன்பது பத்து. விமான நிலையம், பத்து முப்பது. இரண்டுக்கும் நடுவில் வெற்றுக் கட்டம். கீழே, அந்த ஊரில் இறங்குவதற்கும் ஹோட்டல் அறைக்கும் நடுவில் இன்னொரு வெற்றுக் கட்டம். பாண்டா ஹோட்டலுக்குப் பெட்டி மாற்றும் நாளிலும் ஒன்று. முப்பத்தோரு வருஷத்தில் நிமிஷக்கா போட்ட தாளில் ஒரு வெற்றுக் கட்டத்தை எவரும் பார்த்ததில்லை.

“இங்க என்ன?”

“அது... போய்ச் சேர்றது.”

“எதுல?”

நிமிஷக்கா பென்சிலைச் சீவினாள். அது கூராகத்தான் இருந்தது.

வெட்கமாகப் போய்விட்டது அவளுக்கு. வேண்டுமென்றா விட்டாள்? கையே அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆனாலும் சோர்ந்து உட்காருகிற பிறவி இல்லை அவள். புது ரூட்டு என்றால் டெப்போவில் என்ன வழக்கம்? ஆள் ஏற்றுவதற்கு முன்னால் சோதனை ஓட்டம் விடுவார்கள். அதையே செய்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

“நாளைக்கு ட்ரையல் போறோம். ஆறாம் நம்பர். எனக்கு வயசு அம்பத்தி நாலு. இத்தன வருஷத்துல ஒடம்பே மாறியிருக்கும். யார் கண்டா?”

உடம்பு மாறவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம், தெரிந்த முகம் எதுவும் இல்லாத ஸ்டாப்பாகப் பார்த்து ஏறினார்கள். நடுவில் ஜன்னல் சீட், கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை. டிரைவர் அவள் பக்கத்தில் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஸ்டாப்பில் நிமிஷக்கா இறங்கி, விளம்பரப் பலகைக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். எலுமிச்சம்பழம் ரோட்டில் உருண்டு போனது. திரும்பி வரும்போது மூன்று ஸ்டாப் தூரமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் டிரைவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, “நீங்க நம்ம பொண்ணோட போயிட்டு வாங்க,” என்றாள். “என்னால ஒங்க ஆச கெட வேணாம்.”

“நீ இல்லாம அங்க போய் மொளகா தின்னு நான் யார்கிட்ட சொல்றது?”

“போன்ல சொல்லுங்க.”

“நான் என்னிக்குப் போன்ல பேசியிருக்கேன்?” என்றார் டிரைவர். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். “நான் சொல்றதக் கேளு. முப்பது வருஷம் வண்டி ஓட்டுனேன், ஒரு நாள் கொமட்டுனது கெடையாது. ரிட்டையர் ஆனதும் பென்ஷன் ஆபீசுக்குப் பின் சீட்டுல உக்காந்து போனேன் பாரு, அன்னிக்கு எனக்கே தல சுத்திச்சு.”

“உங்களுக்கா?”

“எனக்குத்தான். யோசிச்சுப் பாத்தேன். ஓட்டுறவனுக்கு எப்ப பிரேக் விழும், எப்ப திரும்பும்னு முன்னாடியே தெரியும். ஒடம்பு அதுக்கு ரெடியா இருக்கும். பின்னாடி இருக்கிறவனுக்கு எல்லாமே திடீர் திடீர்னு வருது. ஒனக்கு எதுவும் திடீர்னு வந்தா ஆகாதே. வீட்டுக்கு விருந்தாளி வந்தாக்கூட முந்தின நாளே சொல்லணும்.”

“அதுக்கு?”

“முன் சீட்டுல உக்காரு. நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா முன்னாடியே சொல்றேன். புதன்கிழமை பதினாலாம் நம்பர்ல போவோம்.”

பதினாலு என்றதும் நிமிஷக்கா நிமிர்ந்தாள். பதினாலு விமான நிலையம் போகிற ரூட்டு. டிரைவர் கடைசிப் பதினோரு வருஷமும் ஓட்டியது அதில்தான். அதற்கு ஓட்ட நேரம் ஐம்பத்திரண்டு நிமிஷம் என்று போட்டவளும் அவள்தான். அதில் ஒரு பழைய முள் உண்டு. நேரம் போடுகிறவர் தானே ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும் என்பது டெப்போ விதி. அவள் எங்கே ஏறுவது? ஸ்டோர் கிளார்க்கிடம் கடிகாரத்தைக் கொடுத்து ஒரு மத்தியானம் அனுப்பிவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு கூட்டத்தில் டிரைவர் எழுந்து, பதினாலுக்கு ஆறு நிமிஷம் கூடுதலாக வேண்டும் என்றார். மனைவி என்று பார்க்காமல் அவர் கேட்டார், புருஷன் என்று பார்க்காமல் அவள் சொன்னாள்: “வண்டி ஓட்டத்தான் சம்பளம், வேடிக்கை பாக்க இல்ல.” கூட்டமே சிரித்தது. அன்று சாயங்காலம் அவர் வீட்டில் ஒழுகிய குழாயைச் சரி செய்தார். அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

புதன்கிழமைக்கு லீவு கேட்டபோது மேலாளர் பதறிப்போய், வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்றார்.

காலை ஒன்பது பத்து வண்டி. ஓட்டுகிறவர் பெரிய மீசை வைத்தவர், டெப்போவில் அவரை மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். நிமிஷக்கா படியில் கால் வைத்ததைப் பார்த்ததும் அந்த மீசை தொங்கிப்போனது.

“அக்கா! நீங்களா? செக்கிங்கா?”

“இல்லப்பா, சும்மா. ஏர்போர்ட் வரைக்கும்.”

சும்மா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு மீசை இன்னும் பயந்துபோனார்.

இடது பக்க முன் சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். வண்டி நகர்ந்தது. டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு நடந்ததை அவளால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. மனுஷன் பேச ஆரம்பித்தார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

“இப்ப ரெண்டாவது கியர். அந்தப் பச்சக் கேட்டுக்கிட்ட பிரேக் போடுவான், லேசா. போட்டுட்டானா? இப்ப வலது பக்கம் சாயும், நீயும் கூடவே சாயி. ஆங், அப்படித்தான். முன்னாடி சைக்கிள்காரன் போறான் பாரு, திரும்பிப் பாக்கவே மாட்டான், இவன் ஒதுங்குவான். ஒதுங்கிட்டான். அடுத்தது பள்ளம், தண்ணித் தொட்டிக்கு எதிர்ல. ஒண்ணு, ரெண்டு, இதோ!”

பள்ளம் வந்தது. அவள் வயிறு அதற்குத் தயாராக இருந்தது. மூன்றாவது ஸ்டாப் வந்து போனது, நாலாவதும் போனது. நிமிஷக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வியர்க்கவில்லை. ஐந்தாவது ஸ்டாப்பில் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துவிட்டாள். பழக்க தோஷம், விடுமா? எட்டாவது ஸ்டாப்பில் வண்டி அவள் போட்ட நேரத்துக்குச் சரியாக வந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தீங்களா? நொடி பிசகல.”

“அடுத்தது ஆஸ்பத்திரி,” என்றார் டிரைவர். “இங்க பிரேக் ரொம்ப மெதுவா விழும். ஒனக்குத் தெரியவே தெரியாது.”

வண்டி பூப்போல நின்றது. தாளில் அந்த ஸ்டாப்புக்கு இருபது நொடி. முதலில் ஒரு பெரியவர், இடுப்பில் கட்டு, படியில் ஒரு காலை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். அவருக்குப் பின்னால் வாக்கரோடு ஒரு அம்மா. வாக்கரை யாரோ மேலே வாங்க, அவரை யாரோ கீழிருந்து தாங்க. அப்புறம் கண்ணில் பச்சைத் துணி கட்டிய ஒருத்தி, ஒரு கையில் கைக்குழந்தை, மறு கை கம்பியைத் தேடியது. மீசை இருக்கையைவிட்டு எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக் கம்பியில் வைத்தார். எல்லாரும் உட்கார்ந்தார்களா என்று கண்ணாடியில் பார்த்தார். அப்புறம்தான் கியர் போட்டார். நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

“அக்கா,” என்றார் மீசை, பின்னால் திரும்பாமல். “இது வந்து... தெனம் எல்லா நடையும் இப்படித்தான். தயவுசெஞ்சு எழுதிக்காதீங்க.”

நிமிஷக்கா கடிகாரத்தை மறுபடி பார்த்தாள்.

அதற்கடுத்த ஸ்டாப், செயற்கைக் கால் பொருத்துகிற இடம். அங்கே இரண்டு நிமிஷம். நாலும் இரண்டும் ஆறு. கணக்குப் போடுகிறவளுக்கு அதை யாரும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டோர் கிளார்க் போனது மத்தியானம் மூன்று மணிக்கு. அந்த ஒரு நேரம் மட்டும்தான் ஆஸ்பத்திரி வாசலில் காக்காய்கூட இருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நிமிஷக்கா, பதினோரு வருஷமாக ஏட்டுச் சுரைக்காயைத்தான் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஆனா ட்ரிப் ஷீட்டுல எல்லாரும் அம்பத்திரண்டுன்னுதானே எழுதுறாங்க?” என்று கேட்டாள், மெதுவாக.

“லேட்டுன்னு எழுதினா மெமோ வரும். முன்னாடி லாரி இருக்கு, பிரேக் போடுவான். அதனால போய்ச் சேர்ந்த நேரத்த அம்பத்திரண்டுன்னு எழுதிட்டு, அங்க குடுக்கிற பத்து நிமிஷ ரெஸ்ட்டுல ஆறு நிமிஷத்த வெட்டிருவோம். திரும்பி கெளம்புறது கரெக்டா இருக்கும். இப்ப இடது பக்கம் சாயும்.”

விமான நிலையத்தில் இறங்கும்போது ஐம்பத்தெட்டு நிமிஷம். நிமிஷக்கா தன் இரண்டு காலில் நின்றாள், வயிறு இருந்த இடத்தில் இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் முதல் முறையாக ஒரு பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை வந்திருக்கிறாள். குதிக்க வேண்டிய நேரம் அது. ஆனால் அவள் மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை வண்டியை விட்டு இறங்கி, முன் டயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு ரொட்டியை நாலே வாயில் விழுங்கினார். டீக்கடை ரோட்டுக்கு எதிரில்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் குடித்தார், ஓடிப்போய் ஏறினார், வண்டி நேரத்துக்குக் கிளம்பியது.

“நீங்களும் இப்படித்தானா?”

“அதே டயர் பக்கத்துலதான்,” என்றார் டிரைவர். “எதுக்கு இப்ப அது? வாந்தி வரல பாரு, அதச் சொல்லு!”

இவர் வீட்டில் ஏழு நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஆக்கிப் போட்டவள் எதிரில் உட்காருவதற்குள் தட்டு கழுவியாகிவிடும். சமையல் பிடிக்கவில்லையோ என்று அவள் எத்தனையோ நாள் உள்ளுக்குள் குமைந்திருக்கிறாள். பேசப் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்ததுண்டு. அடப் பாவமே, அதைக் கற்றுக்கொடுத்தது அவள் போட்ட கோடு.

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, செங்டு தாளைத் திருப்பி, அதன் முதுகில் கணக்குப் போட்டாள். ஒரு நடைக்கு ஆறு நிமிஷம், நாளைக்கு ஆறு நடை, வருஷத்துக்கு இருநூற்று எண்பது நாள், பதினோரு வருஷம். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து எண்ணூற்று எண்பது நிமிஷம். ராத்திரி பகல் சேர்த்து எழுபத்தேழு நாள். இவர் ஒருவருக்கு மட்டும். அந்த இடத்தில் பென்சில் நின்றுபோய், நிமிஷக்கா பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதாள்.

“ஏய், என்ன இது, நாலு பேர் பாக்குறாங்க,” என்றார் டிரைவர், பதறிப்போய்.

“பாக்கட்டும். ஏங்க, ஒரு நாள், வீட்லயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் கூட்டத்துல பேசத் தெரியாம பேசிட்டேன்.”

“சொன்னா, நீ ஏறிப் பாக்கணும்னு நிப்ப. ஏறினா ஒனக்கு ஆகாது. எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும். ஆறு நிமிஷந்தானேன்னு விட்டுட்டேன்.”

யாராவது ஒருவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மனுஷனிடம் அதற்கும் வழியில்லை. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். திரும்பி வரும் வண்டியில் டிரைவர் மறுபடி ஒவ்வொரு பிரேக்கையும் சொல்லிக்கொண்டே வந்தார், அவள் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரம் எழுதிக்கொண்டே வந்தாள். எழுதும்போதும் குமட்டவில்லை.

மறுநாள் வியாழன். காலை எட்டு மணிக்கு நிமிஷக்கா மேலாளர் அறையில் நின்றாள். டூட்டிக்கு வந்திருந்த ஏழெட்டு டிரைவர்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள், மீசை முகம் வெளிறி ஒரு ஓரத்தில். கதவைச் சாத்த வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

“பதினாலுக்கு அம்பத்திரண்டு தப்பு, சார். அம்பத்தெட்டு. கூட ஒரு வண்டி போடணும், தாள் ரெடி.”

“பதினோரு வருஷமா ஓடுதேம்மா? இப்ப என்ன திடீர்னு?”

“இப்பத்தான் ஏறிப் பாத்தேன். அப்ப பாக்கல. எனக்கு பஸ்ஸுல ஏறினா வாந்தி வரும். அதனால ஆள அனுப்பிட்டு, பாத்த மாதிரி கையெழுத்துப் போட்டேன்.”

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய யானை அதை மைக் வைத்துச் சொல்வதை அவர்கள் பார்த்ததில்லை. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள், உடனே எல்லாரும் சிரித்தார்கள், கடைசியில் நிமிஷக்காவும் சிரித்தாள். மேலாளர் ஒரு மெமோ எழுதி அவள் கையில் கொடுத்தார். அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பதினாலாம் நம்பருக்கு அடுத்த திங்கள் முதல் புது நேரம். மீசை வாசலில் வழிவிட்டு நின்று, “அக்கா, ஒரு டீ வாங்கித் தரட்டுமா?” என்றார்.

“திங்கக்கெழம ஏர்போர்ட்ல குடி. உக்காந்து குடி,” என்றாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஏஜெண்டைக் கூப்பிட்டு இரண்டு டிக்கெட்டையும் உறுதி செய்தாள். பிறகு மேஜையில் தாளை விரித்து ரப்பரை எடுத்தாள். வெற்றுக் கட்டங்களில் பஸ் என்று எழுதினாள், பக்கத்தில் முன் சீட்டு என்று எழுதினாள். பெட்டி மாற்றுகிற கூத்தை அடித்துவிட்டாள். ஒரே ஹோட்டல், பாண்டாவுக்குப் பஸ். முந்நூறு அடியிலிருந்த ஹாட்பாட் கடையையும் அடித்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, அவர் போனில் பார்த்த கடையை எழுதினாள். இருபத்திரண்டு ஸ்டாப்.

டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“பதினாலுன்னா எனக்கு மனப்பாடம். அந்த ஊர் ரோடு எனக்குத் தெரியாதே. அவன் வேற வலது பக்கம் ஓட்டுவான்.”

“எந்தப் பக்கம் ஓட்டினாலும் ரோடு முன்னாடிதானே இருக்கும்? நீங்க பாத்துச் சொல்லுங்க.”

“பிளேன்ல முன்னாடி பாக்க முடியாது.”

“பிளேன்ல மாத்திர போட்டுட்டுத் தூங்குறேன். எறங்கும்போது எழுப்புங்க. எழுந்திரிக்கலன்னா தூக்கிட்டுப் போங்க.”

அவர் சிரித்துக்கொண்டே விரலைக் கீழே இறக்கினார். ஹாட்பாட் வரியில் தொடக்கம் ஐந்தரை மணி. முடிவு என்ற கட்டத்தில் நாற்பத்தைந்து நிமிஷத்தை அழித்த தடம் இருந்தது. அதன்மேல் நிமிஷக்கா பென்சிலை அழுத்தி எழுதினாள்: கடை சாத்தும் வரை.

டிரைவர் அதை இரண்டு தடவை படித்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நைசாக அடுத்த வரியைத் தொட்டார், மூங்கில் நாற்காலி போட்ட பூங்கா.

“அப்ப டீ?”

“டீயா?” என்றாள் நிமிஷக்கா. “உங்களுக்கு எழுபத்தேழு நாள் டீ பாக்கி இருக்கு. அங்க அஞ்சு நாள்ல எவ்ளோ முடியுதோ குடிங்க. மிச்சத்த வீட்டுக்கு வந்து என்கூட உக்காந்து குடிங்க.”